அண்டோரா: இரண்டு நாட்டுக்கு நடுவே 468 சதுர கிலோமீட்டர். எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

#1 அருண் (பார்சிலோனா)

வணக்கம். வேலை நிமித்தம் ஓராண்டுக்குப் பார்சிலோனா வந்திருக்கிறேன். திங்கட்கிழமை அலுவலகம் போனால் யாராவது ஒருவர் "வார இறுதிக்கு அண்டோரா போயிருந்தோம்" என்கிறார். பேருந்தில் மூன்று மணி நேரம்தான். சிலர் பனிச்சறுக்குக்குப் போகிறார்கள், சிலர் சென்ட்டும் மதுவும் மலிவாக வாங்க, சிலர் வெந்நீர் ஊற்றில் குளிக்க.

ஊரில் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். "அது ஊரா, நாடா?" என்று கேட்டார். நாடு என்றேன். "அப்போ பிரான்சும் ஸ்பெயினும் இத்தனை காலம் அதை விட்டு வைத்தது ஏன்? அங்கே என்ன விளைகிறது?" என்று அடுத்த கேள்வி. அங்கே மாட்டிக்கொண்டேன்.

அக்டோபரில் மூன்று நாள் போகலாம் என்று இருக்கிறேன். கடைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மனமில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். பிப்ரவரியில் மாமியார் ஊரிலிருந்து வருகிறார்கள், அவரையும் ஒரு முறை அழைத்துப் போக ஆசை. அதற்கு விசாவில் ஏதாவது சிக்கல் உண்டா?

#2 சேகர் (திண்டுக்கல்)

அருண் தம்பி, நான் முப்பது வருஷம் பள்ளியில் புவியியல் நடத்தியவன். அண்டோராவுக்குப் போனதில்லை, ஆனால் அதன் வரைபடத்தை வைத்துப் பலமுறை பாடம் எடுத்திருக்கிறேன். ஆற்றுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லைக்கோட்டை விட்டுவிட்டு ஆறுகளை மட்டும் முதலில் பாருங்கள். உண்டிவில் கவட்டை ஒன்று தெரியும். வடமேற்கிலிருந்து ஒரு வலிரா, வடகிழக்கிலிருந்து இன்னொரு வலிரா. இரண்டும் எஸ்கால்டெஸில் கூடி, ஒரே ஆறாகத் தெற்கே இறங்கி, ஸ்பெயினுக்குள் செக்ரே ஆற்றில் கலக்கிறது. கவட்டையின் கைப்பிடி ஸ்பெயின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள் ஏறத்தாழ எல்லோரும் இந்த மூன்று கோடுகளின் மேல்தான் குடியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் சரிவு, பாறை, பைன் காடு, கோடையில் மட்டும் புல் தெரியும் மேய்ச்சல் நிலம்.

நாட்டின் தாழ்ந்த இடமே 840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆறு ஸ்பெயினுக்குள் நுழையும் இடத்தில். உச்சி கோமா பெத்ரோசா, 2,942 மீட்டர். தலைநகர் அண்டோரா லா வெல்யா 1,023 மீட்டரில். ஐரோப்பாவில் இதைவிட உயரத்தில் தலைநகர் கிடையாது. உழுது பயிரிடக்கூடிய நிலம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடத் தேறாது.

இப்போது வாசல்களைப் பாருங்கள். தெற்கு வாசல் ஆறு அறுத்த பள்ளத்தாக்கு, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். வடக்கு வாசலுக்கு என்வலிரா கணவாய் ஏற வேண்டும், 2,408 மீட்டர். பனி கடுமையாக விழுந்தால் அது அடைபட்டுவிடும். பிரான்சுப் பக்கம் மேடு, ஸ்பெயின் பக்கம் வாய்க்கால். இந்த ஊர் மக்கள் பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவின் மொழியான கட்டலான் பேசுவதற்கும், அவர்களின் திருச்சபை ஸ்பெயினிலுள்ள உர்ஜெல் ஆயரின் (பிஷப்பின்) கீழ் இருப்பதற்கும் இந்தச் சரிவுதான் முதல் காரணம் என்பேன்.

ஒரே ஓர் இடம் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. பாஸ் டெ லா காசா என்ற எல்லை ஊர் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மற்ற அண்டோராவில் பெய்யும் மழை எப்ரோ வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. பாஸ் டெ லா காசாவில் பெய்வது அரியேஜ், கரோன் வழியாக அட்லாண்டிக்குக்கு.

#3 கயல் (துலூஸ்)

சேகர் சார், கவட்டை உதாரணம் அருமை. நான் துலூஸில் ஆறு வருஷமாக இருக்கிறேன், அண்டோராவுக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. அருணின் அப்பா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

விட்டு வைத்ததற்குக் காரணம், அந்தப் பள்ளத்தாக்கு யாருக்கு என்று இரண்டு பேர் சண்டை போட்டு, இருவருக்கும் என்று எழுதிக்கொண்டதுதான். ஒருவர் உர்ஜெல் ஆயர், இன்னொருவர் பிரனே மலைக்கு வடக்கே, பிரான்சுப் பக்கம் ஆண்ட ஃபுவா பிரபு. 1278இல் ஒப்பந்தம். இருவருக்கும் சம உரிமை, இருவருக்கும் வரி, யாரும் தனியாக விழுங்கக் கூடாது. ஃபுவா பிரபுவின் உரிமை கல்யாணமும் வாரிசுமாகக் கைமாறி நவார் நாட்டு ஆன்ரியிடம் வந்தது. அவர் 1589இல் பிரான்சின் அரசரானார். அப்படியே அந்த உரிமை பிரெஞ்சு முடியோடு ஒட்டிக்கொண்டது, பிறகு முடி போய்க் குடியரசு வந்தபோது குடியரசுத் தலைவரோடு வந்து சேர்ந்தது. இன்றும் அண்டோராவுக்கு இரண்டு இளவரசர்கள், ஒருவர் உர்ஜெல் ஆயர், மற்றவர் பிரான்சின் குடியரசுத் தலைவர். பாரிசில் நடக்கும் தேர்தலில் அண்டோரா மக்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் ஜெயிப்பவர் அவர்களுக்கும் இளவரசர்.

கப்பமும் அண்மைக்காலம் வரை இருந்தது. ஓர் ஆண்டு பிரான்சுக்குச் சிறு தொகை. அடுத்த ஆண்டு ஆயருக்குச் சிறு தொகையோடு பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, கொழுத்த சேவல்கள். 1993இல் அரசியல் சட்டம் எழுதி, மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய பிறகுதான் இது நின்றது. அதே ஆண்டு ஐநாவிலும் சேர்ந்தார்கள். அதற்கு முன் 1419லிருந்தே தங்களுக்கென ஒரு மன்றம் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு எஜமானரும் தூரத்தில் இருந்ததால் அன்றாட விஷயத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அருண், காசா டெ லா வால் என்ற பழைய மன்றக் கட்டடத்தைக் கட்டாயம் பாருங்கள். 1580இல் ஒரு குடும்பம் கட்டிய வீடு, 1702இல் மன்றம் வாங்கியது. உள்ளே ஏழு பூட்டுப் போட்ட மர அலமாரி இருக்கிறது. நாட்டின் பழைய ஆவணங்கள் அதில்தான் இருந்தன. நாட்டின் நிர்வாகப் பிரிவுகளைப் பங்கு என்பார்கள், ஏழு பங்குகளுக்கும் ஆளுக்கு ஒரு சாவி. ஏழு பேரும் வந்தால்தான் திறக்கும். 1978 வரை பங்குகள் ஆறு, அதனால் பூட்டும் ஆறுதான். எஸ்கால்டெஸ் தனிப் பங்கானபோது ஏழாவது பூட்டு வந்தது. அந்த அலமாரி முன்னால் நின்றபோது எனக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது. யாரையும் விட்டுவிட்டு முடிவெடுக்க முடியாதபடி ஒரு தச்சன் செய்து வைத்திருக்கிறான்.

#4 வரதன் (சென்னை)

சாவியும் சேவலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "எதை வைத்துப் பிழைக்கிறார்கள்" என்பது கேள்வி. நான் தணிக்கையாளன், எண்ணைப் பார்த்துப் பேசுகிறேன்.

2015 வரை அந்த நாட்டில் தனிநபர் வருமான வரியே கிடையாது. இப்போதும் 24,000 யூரோ வரை வரி இல்லை, அதற்கு மேல் உச்சவரம்பு 10 சதவீதம். நிறுவனங்களுக்கும் 10. விற்பனை மீதான பொது வரி 2013இல்தான் வந்தது, 4.5 சதவீதம். ஸ்பெயினில் இதே வரி 21, பிரான்சில் 20. ஆண்டுக்கு 80 லட்சம் பேருக்கு மேல் அங்கே போவது மலையைப் பார்க்க மட்டுமா?

வங்கி விஷயம் இன்னும் கனமானது. பணம் யாருடையது என்று கேட்காத ரகசியம் பல பத்தாண்டு நடந்தது. 2015 மார்ச்சில் பாங்கா பிரிவாடா தண்டோரா என்ற வங்கியை, பணமோசடிக்கு வழிவிடுவதாகச் சொல்லி அமெரிக்க நிதித்துறை பகிரங்கமாக அடையாளம் காட்டியது. அண்டோரா அரசு வங்கியைக் கையில் எடுத்தது. வாடிக்கையாளர் எடுக்கும் பணத்துக்கு வாரக் கட்டுப்பாடு வந்தது. ஒரு நாட்டின் மொத்தப் பெயரும் ஒரு வாரத்தில் ஆட்டம் கண்டது.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். பக்கத்து நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய வரிப் பணத்தை இழுத்துக்கொண்டு வாழ்வதைத் திறமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#5 கயல் (துலூஸ்)

வரதன் சார், வங்கி பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கதையை வங்கியிலிருந்து தொடங்கினால் பாதிதான் தெரியும். அந்த மக்கள் எல்லையை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டது வங்கி வருவதற்கு வெகுகாலம் முன்னால். கற்றுக்கொடுத்தது பசி.

பழைய வீட்டு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் துண்டானால் யாருக்கும் சோறு இல்லை, அதனால் வீடும் நிலமும் மூத்த வாரிசுக்கே. இளையவர்களுக்கு வழிச்செலவு மட்டும். பிரான்சுக்கோ கட்டலோனியாவுக்கோ கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். 1950 வாக்கில் நாட்டின் மொத்த மக்கள் தொகை 6,000 அளவில்தான் இருந்தது.

இருந்த கொஞ்ச நிலத்தில் உருளைக்கிழங்கும் ரை தானியமும் போடாமல் புகையிலை போட்டார்கள். ஏன்? இரண்டு பக்கமும் புகையிலை அரசாங்க ஏகபோகம், விலை ஏற்றம். இந்தப் பக்கம் இலை மலிவு. நடுவில் கணவாய். இரவில் கயிற்றடிச் செருப்பு மாட்டிக்கொண்டு, முதுகில் பொதியைக் கட்டிக்கொண்டு, காவலர் கண்ணில் படாமல் மலை தாண்டுவார்கள். பக்கெட்டைரே என்று பெயர், நம் பேச்சில் பொதிகாரர்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலும் அடுத்த உலகப் போரிலும் அதே பாதை தெரிந்தவர்கள்தான் ஆட்களையும் அழைத்துப் போனார்கள். நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்கள், விழுந்த விமானத்திலிருந்து பிழைத்த நேசநாட்டு வீரர்கள் பலர் அண்டோரா வழியாக ஸ்பெயினுக்குள் போனார்கள்.

இன்றைய காட்சியைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை பாஸ் டெ லா காசாவில் நின்று பாருங்கள். அந்தப் பெயருக்கு வீட்டுக் கணவாய் என்று பொருள். முன்னொரு காலத்தில் அங்கே இருந்தது ஓர் இடையர் குடிசை. இப்போது 2,000 மீட்டருக்கு மேல், மரமே இல்லாத மொட்டைச் சரிவில், ஐந்தாறு மாடிக் கட்டடங்கள். கீழ்த்தளம் எல்லாம் கடை. பிரெஞ்சு எண் பலகை போட்ட கார்கள் வரிசை. வயதான தம்பதி தள்ளுவண்டியில் சோம்பு மணக்கும் பஸ்திஸ் மது புட்டிகளை அடுக்கி, மேலே சர்க்கரை மூட்டை, அதற்கு மேல் வெண்ணெய். எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. தலைக்கு 300 சிகரெட், காட்டமான மது ஒன்றரை லிட்டர், பாலாடைக்கட்டி 4 கிலோ, சர்க்கரையும் மிட்டாயும் 5 கிலோ. அந்த அம்மா கைப்பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு மாதச் செலவில் அது ஒரு தொகை.

அந்தப் பொதிகாரர் போன பாதைக்கும் இந்தத் தள்ளுவண்டிக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. வித்தியாசம்தான் அவர்களின் வயல்.

#6 நிலா (பார்சிலோனா)

நான் இங்கே மொழியியல் ஆய்வு செய்கிறேன். கட்டலான் பேசுவேன். அண்டோராவுக்கு நேர்காணல் எடுக்கப் பலமுறை போயிருக்கிறேன். மக்களைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதைச் சொல்கிறேன்.

மக்கள் தொகை இப்போது 85,000ஐத் தாண்டிவிட்டது. அதில் அண்டோராக் குடிமக்கள் பாதிக்கும் குறைவு. ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஸ்பானியர். அடுத்து போர்த்துகீசியர், பிரெஞ்சுக்காரர், அண்மையில் அர்ஜென்டினாக்காரர்கள் நிறைய. அரசாங்க மொழி கட்டலான் மட்டும். ஸ்பெயினில் கட்டலான் எப்போதும் இன்னொரு மொழியின் நிழலில் நிற்கிறது. தனி நாடு ஒன்றின் ஒரே ஆட்சிமொழியாக அது இருப்பது அண்டோராவில் மட்டும்தான். 1993இல் ஐநாவில் சேர்ந்தபோது அரசாங்கத் தலைவர் ஆஸ்கார் ரிபாஸ் ரெய்க் கட்டலானில் பேசினார். பார்சிலோனாவில் வயதானவர்கள் அதை இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். தாய்மொழி உலக மன்றத்தில் ஒலிப்பது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கடைத்தெருவில் காதில் விழுவது ஸ்பானிஷ். பள்ளிகளிலும் மூன்று முறை இருக்கிறது, அண்டோரா முறை, ஸ்பானிய முறை, பிரெஞ்சு முறை. எதில் சேர்ப்பது என்று பெற்றோர் முடிவு செய்யலாம். அண்டோரா முறைப் பள்ளி 1982இல்தான் தொடங்கியது. 2024இல் வந்த மொழிச் சட்டத்தின்படி குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க அடிப்படைக் கட்டலான் தெரிந்திருக்க வேண்டும். நான் அதை ஆதரிக்கிறேன், வகுப்பை வேலை நேரத்துக்கு ஒத்தபடி வைத்தால்.

எனக்கு அங்கே ஒரு தோழி இருக்கிறார். போர்த்துகலின் வடக்கே மின்யோ பகுதிக்காரர். விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. மெத்தை விரிப்பை ஒரே இழுப்பில் மூலை மடித்துப் போடுவார், சுருக்கம் இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை அறை என்று கேட்டால் விரலை மடக்கி எண்ணுவார், இரண்டு கை போதாது. இருபது வருஷம் தொடர்ந்து வாழ்ந்தால் குடியுரிமை கேட்கலாம். அவருக்கு இருபது ஆகிவிட்டது. ஆனால் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும். போர்த்துகீசியக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கும் வேலை செய்யும் உரிமை போய்விடும். கொடுக்காவிட்டால் ஓட்டு இல்லை. "நான் பார்த்த அறைகளின் எண்ணிக்கை இந்த நாட்டுக்குத் தெரியாது" என்று ஒருமுறை சொன்னார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

#7 அருண் (பார்சிலோனா)

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 1950இல் 6,000 பேர், இப்போது 85,000. கடத்தல் பொதியிலிருந்து இந்த வளர்ச்சிக்கு எப்படி வந்தார்கள்? யார் சாலை போட்டது?

#8 சேகர் (திண்டுக்கல்)

சரியான இடத்தில் கேட்டீர்கள் தம்பி. சாலை வந்த கதைதான் பொருளாதாரத்தின் கதை.

அண்டோராவில் பிழைக்க இன்னொரு தொழிலும் இருந்தது, இரும்பு. மலையில் தாது, காட்டில் கரி, ஆற்றில் நீர்விசை, மூன்றும் ஒரே இடத்தில். லா மசானாவில் ரொசெல் உலைக்களம் 1842இல் கட்டப்பட்டது. ஆற்றுநீர் சுற்றும் சக்கரத்தால் ஒரு பெரிய சம்மட்டி ஏறி இறங்கும். 1876இல் மூடிவிட்டார்கள். வெளியே பெரிய ஆலைகள் மலிவாக இரும்பு செய்தன. இவர்களோ கம்பியைக் கழுதை முதுகில் இறக்க வேண்டியிருந்தது. பொதிகாரர் புகையிலையைச் சுமக்கலாம், இரும்பைச் சுமந்து கட்டுப்படியாகாது. கனம் குறைந்து விலை கூடிய சரக்குத்தான் கணவாய் தாண்டும். மலைநாட்டுப் பொருளாதாரத்தில் இது முக்கியமான பாடம்.

ஸ்பெயினிலிருந்து வண்டிச் சாலை 1913இல் வந்தது. பிரான்சுப் பக்கம் இன்னும் இருபது ஆண்டு ஆனது. 1929இல் ஃபாசா என்ற மின் நிறுவனத்துக்கு ஆற்று நீரைப் பயன்படுத்த உரிமை கொடுத்தபோது, சாலையும் போட்டுத் தர வேண்டும் என்பது பேச்சு. அதன்படி 1933 வாக்கில் என்வலிரா மேலாகச் சாலை திறந்தது. எங்கோலஸ்டெர்ஸ் ஏரியை அணைகட்டி உயர்த்தி, தண்ணீரைக் கீழே எஸ்கால்டெஸுக்கு இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். அந்த வேலைக்கு வெளியிலிருந்து நூற்றுக்கணக்கில் தொழிலாளர் வந்தார்கள், தொழிற்சங்கப் பேச்சும் கூடவே வந்தது. 1933இல் வேலைநிறுத்தம். உள்ளூர் இளைஞர்களோ மன்றத்துக்குள் புகுந்து ஓட்டுரிமை கேட்டார்கள். அதுவரை வீட்டுக்குத் தலைவர் ஒருவருக்குத்தான் ஓட்டு. அந்த ஆண்டுதான் வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் கிடைத்தது. பெண்களுக்கு 1970 வரை பொறுக்க வேண்டியிருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் பனி. காலங்காலமாகப் பகையாக இருந்த பனியைச் சரக்காக்கியது 1950களில் பாஸ் டெ லா காசாவில் போட்ட சறுக்கு இழுவைக்கம்பி. இங்கே வரதன் சார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேல்சரிவு மேய்ச்சல் நிலம் தனியாருடையது அல்ல. ஒவ்வொரு பங்கிலும் கொமு என்ற ஊர்ச்சபை உண்டு, பொதுநிலம் அதன் கையில். இன்று சறுக்குத் தளம் நடத்துபவர்கள் ஊர்ச்சபையிடம் உரிமம் வாங்கித்தான் நடத்துகிறார்கள். ஆடு மேய்ந்த பொதுப்புல்லின் மேல் குளிர்காலத்தில் சறுக்குப் பலகை ஓடுகிறது, வருமானம் ஊர்ச்சபைக்கும் வருகிறது. இது வரி ஏய்ப்பில் சேராது.

இயற்கை சும்மா விடவில்லை. 1982 நவம்பரில் பெருவெள்ளம் ஆற்றோரச் சாலைகளை அள்ளிக்கொண்டு போனது. 1996 பிப்ரவரியில் அரின்சாலுக்கு மேலிருந்து பெரிய பனிச்சரிவு. மக்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. 2019 ஆகஸ்டில் சான் ஜூலியா பக்கம் மலைச்சரிவு இடிந்து ஸ்பெயின் போகும் முதன்மைச் சாலையில் விழுந்தது. ரயில் இல்லை, நாட்டுக்குள் விமான நிலையம் இல்லை. கைப்பிடியில் ஒரு பாறை விழுந்தால் கவட்டை முழுக்க மூச்சுத் திணறும்.

#9 வரதன் (சென்னை)

சேகர் சார், பொதுநில விஷயம் எனக்குப் புதுசு. ஒத்துக்கொள்கிறேன், அது மதிக்க வேண்டிய ஏற்பாடு.

நியாயமாக நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018லிருந்து வங்கிக் கணக்கு விவரங்களைப் பிற நாடுகளோடு தானாகவே பகிர்கிறார்கள். அப்போது ஐந்தாக இருந்த வங்கிக் குழுமங்கள் இன்று மூன்று. ஐரோப்பிய ஒன்றியத்தோடு சான் மரினோவும் அண்டோராவும் சேர்ந்து நடத்திய இணைப்பு ஒப்பந்தப் பேச்சு 2023 டிசம்பரில் முடிந்தது. அது நடைமுறைக்கு வந்தால் சிகரெட் விலை வித்தியாசம் போன்ற பழைய சலுகைகள் படிப்படியாகக் குறையும். கயல் சொன்ன வயல் சுருங்கும்.

ஆனால் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். 2021 வாக்கில் ஸ்பெயினின் புகழ்பெற்ற யூடியூபர்கள் சிலர் அண்டோராவுக்குக் குடிபெயர்ந்து, ஸ்பெயினில் அது பெரிய சர்ச்சையானது. காசு இருப்பவர் வந்தால் வாடகை ஏறும். நிலம் கவட்டைக் கோட்டில்தான் இருக்கிறது என்று சார் சொன்னாரே, அதை நீட்ட முடியாது. நிலா, உங்கள் தோழிக்கு வீடு எப்படி?

#10 நிலா (பார்சிலோனா)

கேட்டீர்களே வரதன் சார், அதுதான் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. வீட்டு வாடகைக்காகத் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், அவ்வளவு சின்ன நாட்டில் அது பெரிய விஷயம். அரசாங்கம் வாடகை உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. 2023இல் வெளிநாட்டார் சொத்து வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது, 2024இல் அதற்குத் தனி வரி கொண்டுவந்தது.

என் தோழி எஸ்கால்டெஸில் இரண்டு பேரோடு பகிர்ந்த வீட்டில் இருந்தார். உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினில் லா சேயுவில் இருக்கிறார். தலைநகரிலிருந்து இருபது கிலோமீட்டர். தினமும் காலை ஆறு மணிக்கு முன்னால் பேருந்து ஏறுகிறார். அவரைப் போன்றவர்கள் வருவதால் லா சேயுவிலும் வாடகை ஏறுகிறது, அந்த ஊர்க்காரர்களுக்கு வருத்தம். இருபது வருஷம் ஒரு நாட்டில் உழைத்தவர் அந்த நாட்டின் எல்லைக்கு வெளியே தூங்கப் போகிறார். இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கவில்லை.

எல்லை வித்தியாசம்தான் அவர்கள் வயல் என்று கயல் அக்கா எழுதினார். இப்போது அதே வித்தியாசம் வேலைக்காரர்களைத் தெற்கே தள்ளுகிறது. அடுத்த பத்து வருஷத்தில் அந்த நாடு என்ன ஆகும் என்பதைச் சிகரெட் விலை தீர்மானிக்காது, படுக்கை விரிப்பவர் எங்கே தூங்குகிறார் என்பது தீர்மானிக்கும் என்று நான் நம்புகிறேன்.

#11 கயல் (துலூஸ்)

நிலா, இதைப் படித்த பிறகு அடுத்த முறை விடுதியில் தங்கும்போது எனக்கு அறையைப் பார்க்கும் பார்வையே மாறும்.

அருண், விசா விஷயத்தை மறந்துவிடாதீர்கள். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்ற விடும் ஷெங்கன் பகுதியில் அண்டோரா இல்லை. அதற்கெனத் தனி விசாவும் கிடையாது. பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் வழியாகத்தான் நுழைய முடியும், திரும்பியும் அதே வழி. ஆகவே உள்ளே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒரே நுழைவு விசா வைத்திருந்தால் திரும்பி வர முடியாது. என் அம்மா முதல் முறை வந்தபோது ஒரே நுழைவு விசாதான் கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவே இல்லை. பேருந்துச் சீட்டு, அறை எல்லாம் போட்டாகிவிட்டது. முந்தின இரவு பெட்டி கட்டும்போது தற்செயலாகக் கடவுச்சீட்டைப் புரட்டினேன், நுழைவு எண்ணிக்கையில் ஒன்று என்று இருந்தது. பயணத்தை ரத்து செய்தோம், அம்மா முகம் வாடிப்போனது. அடுத்த முறை விண்ணப்பத்திலேயே அண்டோரா போகும் திட்டத்தை எழுதி, பலமுறை நுழைவு கேட்டு வாங்கினோம். எல்லையில் பல நேரம் யாரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை என்பார்கள், அதை நம்பி வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். உங்களிடம் ஸ்பெயின் குடியிருப்பு அட்டை இருந்தால் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் விதி அங்கே செல்லாது.

சாப்பிட டிரின்ஷாத் கேளுங்கள். உறைபனி பட்டு இனிப்பேறிய முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து மசித்து, பன்றிக்கொழுப்பில் தோசை போல இருபுறமும் முறுக வார்ப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

#12 சேகர் (திண்டுக்கல்)

அருண் தம்பி, நேரம் இருந்தால் மாத்ரியு பள்ளத்தாக்குக்குள் கொஞ்ச தூரமாவது நடங்கள். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சாலையே இல்லை. இடையர் குடிசை, கல் அடுக்கிய தடுப்புச்சுவர், பழைய இரும்பு உலையின் தடம் எல்லாம் அங்கே இருக்கிறது. படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

#13 அருண் (பார்சிலோனா)

போய்விட்டு வந்தேன். மாமியாருக்குப் பலமுறை நுழைவு கேட்டு விண்ணப்பம் போட்டாயிற்று, கயல் அக்காவுக்கு வீட்டில் எல்லோரும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

சான் ஜூலியாவில் இறங்கி நடந்தேன். பெரிய சாலையில் வரிசையாகப் பெட்ரோல் நிலையம், சிகரெட் விளம்பரம். இரண்டு தெரு உள்ளே போனால் ஒரு கல் வீடு, பக்கத்தில் பாதித் திறந்த கொட்டகை. அதில் புகையிலைச் செடிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழ் இலை பழுப்பு, உள்ளே இருப்பது இன்னும் மஞ்சள் கலந்த பச்சை. காற்று அடித்தால் காகிதம் போலச் சரசரக்கிறது. அங்கிருந்த பெரியவரிடம் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் கேட்டேன், தாத்தா காலத்திலிருந்து இதே கொட்டகைதான் என்றார். ஒரு இலையைக் கிள்ளி என் கையில் கொடுத்தார், பிசுபிசுப்பு சாயங்காலம் வரை போகவில்லை.

சேகர் சார், மாத்ரியுவில் இரண்டு மணி நேரம் ஏறினேன். கற்பாதை, ஆற்றின் சத்தம், ஒரு மாட்டு மணி. படங்களை இன்று இரவு ஏற்றுகிறேன். கயல் அக்கா சொன்ன அலமாரியையும் பார்த்தேன். பூட்டுகளை எண்ணிப் பார்த்தேன், ஏழு.

திரும்பும்போது உள்ளூர்ப் பேருந்தில் லா சேயு வந்து அங்கிருந்து பார்சிலோனா வண்டி பிடித்தேன். சுங்கச்சாவடியில் பேருந்தை நிறுத்தி ஒரு அதிகாரி ஏறினார். எனக்கு முன்னால் இருந்த இளைஞரின் பையில் சிகரெட் பெட்டிகளை எண்ணி, கூடுதலாக இருந்ததற்காகக் கீழே இறங்கச் சொன்னார். வண்டி பத்து நிமிஷம் நின்றது. பின் இருக்கையில் நான்கு பெண்கள், சீருடைக்கு மேல் கோட்டு போட்டிருந்தார்கள், மெதுவாகப் போர்த்துகீசிய மொழியில் பேசிக்கொண்டு வந்தார்கள். அதிகாரி அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பையைத் திறக்கச் சொல்லாமல் இறங்கிப் போனார். தினமும் பார்க்கிற முகம் போலிருக்கிறது. லா சேயுவில் அவர்களும் இறங்கினார்கள். நிலா, அதில் உங்கள் தோழியும் இருந்தாரோ என்று யோசித்துக்கொண்டே அடுத்த வண்டிக்கு நின்றேன்.